பொற்கோவில் குளக்கரை இலந்தை: சீக்கியர்கள் மரத்தை வழிபடுகிறார்களா?

அமிர்தசரஸ் போய்வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொற்கோவில் குளக்கரையில் ஒரு பழைய இலந்தை மரம். அதன் அடியில் ஜனங்கள் நெற்றியைத் தரையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். பக்கத்திலேயே முங்கிக் குளிக்கிறார்கள், நோய் தீரும் என்கிறார்கள். சிலை வழிபாடே வேண்டாம் என்கிற சீக்கியத்தில் மரத்துக்கு மட்டும் எப்படி இடம் வந்தது? அது நிஜமாகவே 450 வருஷ மரமா? கீழே கிடந்த பழத்தின் கொட்டையை எடுத்து வந்திருக்கிறேன், முளைக்குமா?" கேள்விகள் பல இருந்தாலும், அங்கே பார்த்த பக்தியை நம் ஊர் தல விருட்ச பக்தியோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாமா, கூடாதா என்பதுதான் அவருக்குள் ஓடும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் தோட்டக்கலை படித்தவன், பழமரங்களோடுதான் வேலை. அதில் சில வருஷங்கள் பஞ்சாபில் இலந்தைத் தோப்புகளில் கழிந்தன. எனவே மரத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். வரலாறும் சமயமும் எனக்கு அங்கே பழகிய பெரியவர்களிடம் கேட்டும் படித்தும் வந்தவை. அவற்றை அந்த அளவில் வைத்துப் படியுங்கள்.

அங்கே ஹர்மந்திர் சாஹிப், அதாவது பொற்கோவில் குளத்தைச் சுற்றி மூன்று பழைய இலந்தைகள் இருக்கின்றன. பஞ்சாபியில் பேர், பேரி என்றால் இலந்தை. நீங்கள் பார்த்தது கிழக்குக் கரையில் உள்ள துக் பஞ்சனி பேரி. துக்கத்தைப் போக்கும் இலந்தை என்று அர்த்தம். வடக்குச் சுற்றில் இருப்பது பேர் பாபா புட்டா சாஹிப். நடுவில் உள்ள சன்னதிக்குப் போகும் பாலத்தின் வாசல், அதாவது தர்ஷனி தியோடி பக்கத்தில் நிற்பது லாச்சி பேர். லாச்சி என்றால் ஏலக்காய், இதன் பழம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். மூன்றுக்கும் மூன்று கதைகள். ஆனால் மூன்று கதைகளும் ஒரே தரத்தவை அல்ல, இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பாபா புட்டா பற்றிய செய்தி வரலாற்றின் பக்கத்தில் நிற்கிறது. நான்காம் குரு ராம் தாஸ் 1577-இல் குளம் வெட்டத் தொடங்கினார், அவர் மகன் குரு அர்ஜன் அதை முடித்து நடுவில் ஹர்மந்திரைக் கட்டினார். அந்த வேலைகளை மேற்பார்வை பார்த்தவர் பாபா புட்டா. 1604-இல் சீக்கியர்களின் வேதநூலான ஆதி கிரந்தத்தை அங்கே வைத்தபோது அதை ஓதும் முதல் கிரந்தியாக அமர்ந்தவரும் அவரேதான். இந்த மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு மண்வெட்டியும் கூடையும் கொடுத்து வாங்கி, கூலியும் பட்டுவாடா செய்தார் என்பது மரபு. வெயிலில் நூற்றுக்கணக்கான பேர் மண் சுமக்கும் இடத்தில் கணக்குப் பார்ப்பவர் நிழல் தேடி உட்காருவது இயல்பான காரியம்தானே. இதை நம்ப எனக்கு எந்தத் தடையும் இல்லை.

லாச்சி பேர் கதைக்கு இன்னும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 1740-இல் லாகூர் கவர்னர் ஸக்காரியா கானின் ஆளான மஸ்ஸா ரங்கட் கோவிலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கட்டில் போட்டு நாட்டியம் பார்த்துக்கொண்டிருந்தான். மெஹ்தாப் சிங், சுக்கா சிங் என்ற இரண்டு பேர் வரி கட்ட வந்தவர்கள் போல மூட்டையில் ஓட்டாஞ்சில்லுகளை நிரப்பிக்கொண்டு உள்ளே புகுந்து அவன் தலையை எடுத்துக்கொண்டு போனார்கள். இதை 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ரத்தன் சிங் பங்கு, அந்த மெஹ்தாப் சிங்கின் பேரன். குடும்பத்தில் வழங்கிய செய்தி என்பதால் அதற்கு ஒரு கனம் உண்டு. உள்ளே போகும் முன் அவர்கள் குதிரைகளைக் கட்டியது இந்த இலந்தையில் என்பது மரபு. சம்பவம் உறுதி. மரத்தைப் பற்றிய பகுதி நம்பிக்கை.

துக் பஞ்சனி கதை வேறு வகை. பட்டி என்ற ஊரின் வரி அதிகாரி துனி சந்த், தன் பெண்களிடம் "உங்களுக்குச் சோறு போடுவது யார்" என்று கேட்கிறார். மற்றவர்கள் "நீங்கள்தான் அப்பா" என்கிறார்கள். கடைசிப் பெண் ரஜனி மட்டும் "படைத்தவன்" என்கிறாள். கோபத்தில் அவளை ஒரு தொழுநோயாளிக்குக் கட்டிவைத்து விடுகிறார். அவள் கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து ஊர் ஊராகப் போகிறாள். ஒரு நாள் இந்தக் குட்டைக் கரையில், இலந்தை நிழலில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாடு தேடிப் போகிறாள். காக்கைகள் தண்ணீரில் முங்கி வெள்ளையாக எழுந்து பறப்பதை அவன் பார்க்கிறான். தானும் உருண்டு போய் முங்குகிறான், நோய் போய்விடுகிறது. திரும்பி வந்தவள் இது தன் கணவன்தான் என்று நம்ப மறுக்கிறாள். குரு ராம் தாஸிடம் வழக்கு போகிறது. முங்கும்போது மரத்தைப் பிடித்திருந்த கையில் மட்டும் நோயின் அடையாளம் மிஞ்சியிருந்ததைக் காட்டி அவன் நிரூபிக்கிறான்.

அப்பன் பெண்களைச் சோதிக்கும் இந்தத் தொடக்கம் நம் நாட்டுப் பாட்டிகள் பல மொழிகளில் சொல்லும் கதை. காக்கைகள் வெள்ளையான பகுதியை வரலாறு என்று யாராலும் காட்ட முடியாது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையில் முழுசாகக் குணமாவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. யாருக்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் முதலில் அங்கே போகச் சொல்லுங்கள். குளத்துக்கு அப்புறம் போகலாம். இதைச் சொல்வது மரபுக்கு விரோதம் என்று நான் நினைக்கவில்லை. ரஜனியின் கதையைச் சொல்லும் அதே மரபுதான், குரு அர்ஜன் தரன் தாரனில் தொழுநோயாளிகளுக்கு ஒரு இல்லம் கட்டினார் என்றும் சொல்கிறது. ஒதுக்கி வைக்கப்பட்டவனைக் கூடையில் சுமந்தவளை நாயகியாக்கிய கதை அது. எனக்கு அதில் காக்கைகளைவிட அந்தக் கூடைதான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, கொள்கைக்கு வருவோம். சீக்கிய நடைமுறை விதிகளான ரெஹத் மரியாதா 1945-இல் ஏற்கப்பட்டது. உருவ வழிபாடு, சகுனம், நல்ல நேரம் பார்ப்பது, மந்திரம் போன்றவற்றை அது ஏற்பதில்லை. வணக்கத்துக்கு உரியவர் உருவமில்லாத ஒருவர், வழிகாட்டி குரு கிரந்த சாஹிப் என்ற வேதநூல். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. குளிப்பதைப் பற்றிக்கூட முதல் குருவான நானக், அந்த நூலின் தொடக்கப் பாடலான ஜப்ஜியில், தீர்த்தமாடுவது அவனுக்குப் பிடித்திருந்தால்தான், பிடிக்காவிட்டால் குளித்து என்ன ஆகப்போகிறது என்ற பொருளில் பாடுகிறார். அதே கிரந்தத்தில் குரு அர்ஜன், ராம் தாஸின் குளத்தில் நீராடினால் செய்த பாவங்கள் நீங்கும் என்றும் பாடியிருக்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு சீக்கியர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. தண்ணீர் என்று சொன்னது இறைநாமத்தை என்பார்கள் சிலர். குருவின் கைபட்ட குளத்துக்கு அருள் உண்டு, அதை மறுப்பானேன் என்பார்கள் சிலர். துக் பஞ்சனியில் கூட்டம் சேர்வதைப் பார்த்து முகம் சுளிக்கும் பக்தியுள்ள சீக்கியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எனவே "சீக்கியம் மரத்தை வணங்குகிறது" என்று எழுதினால் தப்பு. "யாருமே வணங்குவதில்லை" என்றாலும் நீங்கள் கண்ணால் பார்த்ததற்கு மாறாக இருக்கும்.

நம் தல விருட்சத்தோடு ஒப்பிடும்போது ஒரு வித்தியாசம் பிடிபடும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோவில் மாமரமோ சிதம்பரத்துத் தில்லையோ அந்தத் தெய்வத்தோடு பிரிக்க முடியாமல் கலந்தவை. மரத்துக்கும் பூஜை உண்டு. சீக்கிய மரபில் மரம் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். குரு இங்கே உட்கார்ந்தார், இங்கே பேசினார், இன்னார் இங்கே உயிரை விட்டார் என்பதற்கு அது சாட்சி. அதனால்தான் அவர்களுக்குப் புனித மரம் என்று ஒரே ஒரு ஜாதி மரம் கிடையாது. எது அங்கே நின்றதோ அது. சுல்தான்பூர் லோதியில் இலந்தை: குரு நானக் அங்கே தவுலத் கான் லோதியின் தானியக் கிடங்கில் கணக்கராக இருந்தபோது காலையில் காளி பேன் ஆற்றில் குளித்துவிட்டு உட்காரும் இடம், அவரே நட்ட மரம் என்கிறார்கள். சியால்கோட்டிலும் அவர் பேரில் ஒரு இலந்தை. உத்தராகண்டின் ரீட்டா சாஹிபில் பூந்திக்கொட்டை மரம். மொகாலியில் அம்ப் சாஹிப், அதாவது மாமரம். வேறு பல ஊர்களில் தாலி என்று அவர்கள் சொல்லும் ஈட்டி வகை மரம்.

இவற்றில் என்னை உலுக்கிய மரம் இலந்தை அல்ல, நன்கானா சாஹிபில் உள்ள ஜண்ட். நம் வன்னி மரம்தான் அது. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் அந்த ஊர் குரு நானக் பிறந்த இடம். அங்கிருந்த குருத்வாராவைத் தன் சொத்துப் போல வைத்திருந்த அதன் நிர்வாகி, மஹந்த் நாராயண் தாஸின் ஆட்கள், 1921 பிப்ரவரி 20-ஆம் தேதி, அமைதியாக உள்ளே வந்த சீக்கியர்களை வெட்டிக் கொன்றார்கள். அந்தக் குழுவின் தலைவர் லச்மன் சிங் தாரோவாலியை இந்த வன்னியில் கட்டி எரித்தார்கள். பஞ்சாபில் நடந்த குருத்வாரா சீர்திருத்தப் போராட்டம் 1925-இல் சட்டமாக முடிந்தது. அந்த மரத்தின் முன் நிற்பவர்கள் நோய் தீர வேண்டி நிற்பதில்லை. பெயர் சொல்லி நினைத்துக்கொள்கிறார்கள்.

கிரந்தத்திலும் மரங்கள் நிறைய வருகின்றன. ஆனால் அவை பாடம் சொல்ல வருபவை. குரு நானக் ஒரு இலவ மரத்தைப் பாடுகிறார்: நெட்டையாக, பருத்து, நிமிர்ந்து நிற்கிறது. ஆசையோடு வரும் பறவைகள் ஏமாந்து போகின்றன. பழத்தில் ருசி இல்லை, பூ குமட்டுகிறது, இலை எதற்கும் உதவாது. பணிவில்தான் இனிமை என்று முடிக்கிறார். இலவு காத்த கிளியை அறிந்த நமக்கு இதற்கு உரையே வேண்டாம். அதே நூலில் இடம்பெற்ற சூஃபி ஞானி ஷேக் ஃபரீதின் வரி ஒன்றில் ஆற்றங்கரை மரம் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி வருகிறது. அங்கேயும் மரம் நாம்தான்.

இனி வயது. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம்பிக்கையும் தாவரவியலும் உரசுகின்றன. மரபின்படி 1577-இல் குளம் வெட்டும்போதே மரம் இருந்தது. அப்படியானால் 450 ஆண்டுகள். இலந்தை நெடுங்காலம் வாழும் மரம்தான். ஆணிவேர் ஆழமாகப் போகும், பஞ்சத்தைத் தாங்கும், அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்க்கும். இந்தக் கடைசிக் குணம் முக்கியம். ஆப்கானிய அரசன் அஹமத் ஷா அப்தாலி 1762-இல் ஹர்மந்திரை வெடி வைத்துத் தகர்த்துக் குளத்தையும் குப்பையால் மூடினான். அந்த அழிவில் மேல்மரம் போயிருந்தாலும் வேர் பிழைத்து மறுபடி எழும்பியிருக்க முடியும். அப்படி எழுந்தால் அதே மரம் என்பீர்களா, வேறு மரம் என்பீர்களா? வேரைக் கேட்டால் அதேதான். தண்டைக் கேட்டால் வயது குறைவு.

அளந்து பார்க்க முடியாதா என்றால், வழக்கமான வழி துளைபோட்டு ஆண்டு வளையங்களை எண்ணுவது. வயதான இலந்தையின் நடுக்கட்டை பெரும்பாலும் பொந்தாகியிருக்கும், எண்ண வேண்டிய பழைய வளையங்களே அங்கே இருக்காது. மிச்சக் கட்டையில் துளை போட்டால் பூசணம் புக வழி விட்டது போலாகும். கட்டையில் உள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் கணிப்பு இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பெரிய பாவோபாப் மரங்களுக்குப் பொந்தின் உட்புறத்திலிருந்து துணுக்கு எடுத்து அப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சுமார் 1650-க்குப் பிறகு வளர்ந்த மரத்துக்கு அந்த முறை ஒரே விடை தராது, பல காலங்களைக் காட்டிக் குழப்பும். நான் துணிந்து சொல்லக்கூடியது இது: இவை மிகப் பழைய மரங்கள், 450 ஆண்டுகள் என்பது இலந்தையின் இயல்புக்கு முடியாத காரியம் அல்ல. அதற்கு மேல் உறுதி சொன்னால் அது தோட்டக்கலை ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மரங்கள் ஒரு கட்டத்தில் நலிந்து போயின, அதற்கு ஒரு காரணம் பக்திதான். நடப்பவர்கள் காலுக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று அடிமரம் வரை பளிங்கும் சிமென்டும் போட்டுவிட்டார்கள். வேருக்குத் தண்ணீரைவிட முதலில் வேண்டியது காற்று. மேலே பளிங்கு பூசினால் மண்ணுக்குள் காற்று புகாது, வேரின் நுனிகள் செத்துக்கொண்டே வரும். மேலே கிளை நுனிகள் காய்வது அதன் வெளி அடையாளம். அரக்குப் பூச்சியும் சேர்ந்துகொண்டது. இலந்தை அதற்குப் பிடித்த மரம். இளங்கிளையைத் திருப்பிப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் பிசின் கட்டி உறைபோல ஒட்டியிருக்கும். விரலால் சுரண்டினால் பிசுபிசுக்கும். அது கசியும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து இலையின் மேல்புறம் அடுப்புக்கரி தேய்த்தது போல ஆகிவிடும், எறும்பு வரிசை தண்டு நெடுக ஏறும். கோவில் நிர்வாகமான சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி, லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகளை அழைத்தது. அடிமரத்தைச் சுற்றி மண்ணைத் திறந்துவிட்டார்கள், பூச்சிக்கு மருந்து பார்த்தார்கள், ஆண்டுதோறும் கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குகிறார்கள். மரங்கள் தேறி மறுபடி காய்த்தன.

கவாத்து என்றதும் புனித மரத்தில் அரிவாள் வைக்கலாமா என்று சிலர் பதறுவார்கள். இலந்தையைப் பொறுத்தவரை அதுதான் மரியாதை. அது அந்தந்த வருஷம் விடும் புதுக் கிளையின் இலைக்கக்கத்தில்தான் பூக்கும். பழைய கிளைகளை விட்டுவைத்தால் உள்ளே வெளிச்சம் போகாமல் நெருக்கி, காய் சிறுத்து, ஒரு புயலில் பாரம் தாங்காமல் தண்டே பிளந்துவிடும். பஞ்சாபில் மே மாத வெயிலில் இலந்தை தானே இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். கவாத்துக்கு அதுதான் சமயம். மழைக்குத் துளிர்த்து, செப்டம்பர் அக்டோபரில் பூத்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழுக்கும். கோடையில் போய்வந்து "மொட்டையாக நிற்கிறது, சாகப்போகிறது" என்று எழுதுபவர்களுக்கு இதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம். பழக்காலத்தில் போனால் கீழே விழுந்ததைப் பிரசாதமாக எடுத்துக்கொள்ளலாம். பறிப்பதும் கிளை ஒடிப்பதும் கூடாது, தண்டைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்காமல் இருப்பதும் நல்லது.

மரத்தைக் காப்பதையே சேவையாக எடுத்துக்கொண்ட மனிதர்களும் அந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் அமிர்தசரஸில் பிங்கல்வாரா இல்லத்தை நிறுவிய பகத் பூரண் சிங் (1904–1992), மரம் வெட்டுவதற்கு எதிராகத் துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்துப் பொற்கோவில் வருபவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சுல்தான்பூர் இலந்தையின் பக்கத்தில் ஓடும் காளி பேன் சாக்கடையாகிக் கிடந்ததை 2000-ஆம் ஆண்டு முதல் பல்பீர் சிங் சீசேவால் தொண்டர்களோடு இறங்கித் தூர்வாரினார். காற்று குரு, தண்ணீர் தந்தை, பூமி பெருந்தாய் என்ற ஜப்ஜியின் முடிவு வரிகளை இவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

கடைசியாக உங்கள் கையில் உள்ள கொட்டை. முளைக்கும். உப்புத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பது பொக்கு. மூழ்குவதை எடுத்து ஓடு மட்டும் விரிகிற அளவுக்கு மெல்லத் தட்டி உள்ளிருக்கும் விதையை எடுத்து நட்டால் ஒரு வாரத்தில் முளை தெரியும். முழுக் கொட்டையாக நட்டால் மூன்று நான்கு வாரம் ஆகும். ஆணிவேர் வேகமாக இறங்குவதால் சின்னப் பையில் வைத்தால் சுருண்டுகொள்ளும். நீளமான பையிலோ, நேராக நிலத்திலோ போடுங்கள். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. நடைபாதை ஓரம் வேண்டாம். கணுவுக்கு இரண்டு முள், ஒன்று நேராகக் குத்தும், இன்னொன்று கொக்கி போல இழுக்கும். பழம் தாய்மரம் போலவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இலந்தை அயல் மகரந்தத்தில் காய்ப்பது, விதைக்கன்று ஒவ்வொன்றும் தனி ரகம். புளித்தால் உம்ரான் மாதிரி நல்ல ரகத்தை மேலே ஒட்டுக் கட்டச் சிலர் சொல்வார்கள். கட்டினால் பழம் பெருக்கும், ஆனால் அமிர்தசரஸிலிருந்து வந்ததில் அடியில் உள்ள வேர் மட்டும்தான் மிஞ்சும். நானாக இருந்தால் ஒட்டுக் கட்டாமல் விட்டுவிடுவேன். முளைத்த பிறகு இலை சுருண்டாலோ வெள்ளைப் பொடி படிந்தாலோ இலையின் மேல்புறத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அடிப்புறம் இயல்பாகவே வெண்மையாக இருக்கும், அதைப் பார்த்து நோய் என்று நினைத்து மருந்து அடித்துவிட வேண்டாம்.